வண்டி ஓட்டும்போது போன்: எச்சரிக்கும் டெக்னாலஜிக்குக் காசு கொடுக்கலாமா?



டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்தாச்சா, எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசத்துக்கு இருக்கா, எஸ்ஐபி ஓடுதா என்று நம்ம சேனலில் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். ஆனா 25, 30 வயசுல இருக்கிற ஒரு சம்பளக்காரரோட மொத்த பிளானையும் ஒரே நாளில் கவிழ்க்கக்கூடிய ரிஸ்க் எங்கே இருக்கு தெரியுமா? காலையில் ஆபீஸ் கிளம்பும்போது ஹேண்டில்பாரில் மாட்டுற போன்ல.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவங்க 1,68,491 பேர். இதில் 44 சதவீதத்துக்கும் மேல் டூவீலரில் போனவங்க. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. போன் பயன்படுத்தியதால் இறந்தவங்கன்னு பதிவானது 3,000 பேருக்கு மேல். இந்த மூணாவது எண்ணைப் பார்த்து "அவ்வளவுதானா" என்று நினைக்க வேண்டாம். விபத்து நடந்த இடத்தில், ஓட்டினவர் அந்த நொடி வாட்ஸ்அப் பார்த்தாரா என்று எஃப்ஐஆர் எழுதுறவருக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் அது "அதிவேகம்", "கவனக்குறைவு" என்றுதான் பதிவாகும்.

இப்போ மார்க்கெட்டில் இதுக்குன்னு ஏகப்பட்ட டெக்னாலஜி வந்துடுச்சு. டிரைவர் முகத்தைப் பார்த்து "பீப்" அடிக்கிற கேமரா, ஏடிஏஎஸ் உள்ள டாப் வேரியன்ட் கார், போன் எடுத்தா மார்க் குறைக்கிற இன்சூரன்ஸ் ஆப். "ப்ரோ, ஏடிஏஎஸ் வேரியன்ட்டுக்கு எக்ஸ்ட்ரா ஒன்றரை லட்சம், வொர்த்தா?" என்கிற கேள்விக்கு என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். எச்சரிக்கை என்பது நீங்க போனைப் பார்த்த பிறகு வர்றது. போன் உங்களைக் கூப்பிடாமலே இருக்கிற மாதிரி பண்றது அதுக்கு முந்தின படி, அது இலவசம். முதல்ல இலவசம், அடுத்து இன்சூரன்ஸ் ஓட்டையை அடைக்கிறது, கடைசியாத்தான் காசு கொடுத்து வாங்குற "பீப்". ஏன் இந்த வரிசைன்னு பார்ப்போம்.

அந்த மூன்றரை செகண்ட்

ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலையிலிருந்து புதிதாக அனுமதி வாங்கும் கார் மாடல்களில், டிரைவரின் கவனச்சிதறலைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் அமைப்பு கட்டாயம். 2026 ஜூலையிலிருந்து அங்கே விற்கிற எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம். உலகத்திலேயே கறாரான விதிகளில் இதுவும் ஒண்ணு. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன கேமரா, உங்க கண் எங்கே பார்க்குதுன்னு கவனிச்சுக்கிட்டே இருக்கும். பார்வை கீழே இறங்கி, மடியில் இருக்கிற போனிலோ டச் ஸ்கிரீனிலோ நின்னுடுச்சுன்னா சத்தம் போடும்.

எத்தனை நொடி கழிச்சு சத்தம் போடணும் என்பதையும் விதியே சொல்லுது. வேகம் 50 கிலோமீட்டருக்கு மேல் இருந்தா மூன்றரை செகண்ட். 20-லிருந்து 50 வரைக்கும் 6 செகண்ட்.

இப்போ ஒரு எட்டாம் கிளாஸ் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகுது. மூன்றரை செகண்டுக்கு 58 மீட்டர். அதாவது அந்த அருமையான கேமரா முதல் "பீப்" அடிக்கும்போது நீங்க ஏற்கெனவே அஞ்சு சிட்டி பஸ்ஸை வரிசையா நிறுத்தின தூரத்தைக் கண்ணை மூடிக்கிட்டுக் கடந்திருப்பீங்க. 40-ல் போனா 6 செகண்டுக்கு 67 மீட்டர், இன்னும் மோசம். சிக்னலுக்கு சிக்னல் 15 கிலோமீட்டரில் ஊர்ந்து போறப்போ அந்த விதிப்படி கேமரா எச்சரிக்கவே தேவையில்லை. நம்ம ஊர்ல முன்னாடி போற ஆக்டிவா மேல முட்டுறது பெரும்பாலும் அந்த மாதிரி நேரத்துலதான்.

ஏன் இவ்வளவு தாமதம்னு கேட்கலாம். ஒரு செகண்டுக்கே சத்தம் போட்டா, சைடு மிரர் பார்த்தாலும் ஸ்பீடோமீட்டர் பார்த்தாலும் கத்திக்கிட்டே இருக்கும். ரெண்டு நாள்ல நீங்களே செட்டிங்ஸ்ல போய் ஆஃப் பண்ணிடுவீங்க. இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் ஐஐஹெச்எஸ் என்ற அமைப்பு 2016-ல் சர்வீஸுக்கு வந்த கார்களைப் பார்த்தப்போ, லேன் மாறினா எச்சரிக்கிற வசதி கிட்டத்தட்ட பாதி கார்களில் ஆஃப் ஆகியிருந்தது. கோடு போட்ட அமெரிக்க ரோட்டிலேயே அப்படி. கோடே இல்லாத நம்ம ரோட்டில் அது எத்தனை நாள் ஆன்ல இருக்கும் என்று யோசிங்க.

அதனால எச்சரிக்கை வேஸ்ட்டுன்னு சொல்ல வரல. அது உங்க முதல் பார்வையைத் தடுக்காது, நீளமான பார்வையைப் பாதியில் வெட்டும். அமெரிக்க அரசின் என்ஹெச்டிஎஸ்ஏ 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், காரின் ஸ்கிரீனில் ஒரு வேலைக்காக டிரைவர் பார்க்கும் ஒவ்வொரு பார்வையும் 2 செகண்டுக்குள் இருக்கணும் என்றது. ஒரு வாட்ஸ்அப் மெசேஜை 2 செகண்டில் படிச்சு முடிக்க முடியுமா? "ஓகே" என்று டைப் பண்றதுக்கே பத்தாது.

ப்ளூடூத் ஹெட்செட் இருக்கே என்பவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். கை ஃப்ரீ ஆகுது, மூளை ஆகிறதில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஏஏஏ அறக்கட்டளைக்காக 2015-ல் செஞ்ச ஆய்வில், சில வாய்ஸ் கமாண்ட் சிஸ்டங்களில் பேசி முடிச்ச பிறகும் 27 செகண்ட் வரைக்கும் கவனம் முழுசாத் திரும்பலன்னு கண்டுபிடிச்சாங்க. 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 செகண்ட் என்பது 300 மீட்டர். மேனேஜர் திட்டின கால் கட் ஆன பிறகும் 300 மீட்டர் அவர் உங்க பில்லியன் சீட்டில் உட்கார்ந்து வர்றார் என்று வச்சுக்கோங்க.

ஃபைன் இல்லை, பெரிய செலவு வேற

எல்லாரும் முதல்ல பேசுறது ஃபைன். வண்டி ஓட்டும்போது கையில் போன் பயன்படுத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் வரும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் திருத்தின கட்டணப்படி முதல் தடவை 1,000 ரூபாய், திரும்ப மாட்டினா 10,000. அந்தப் பிரிவில் சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கு. வழி பார்க்கிறதுக்கு மட்டும், கவனம் சிதறாத விதத்தில் போனைப் பயன்படுத்தலாம்னு 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் அனுமதி கொடுத்தாங்க. மேப்புக்குத்தான் அந்த அனுமதி. "மேப்தான் சார் பார்த்தேன்" என்று சொல்லிக்கிட்டே ரீல்ஸ் பார்க்கிறதுக்கு இல்லை.

ஆனா இந்தப் பட்டியலில் ஃபைன்தான் மலிவு.

கார் வச்சிருக்கிறவங்களுக்கு அடுத்த செலவு நோ க்ளெய்ம் போனஸ். சிக்னலில் போன் பார்த்துக்கிட்டே கிளட்சை விட்டு முன்னாடி வண்டி மேல இடிச்சுட்டீங்க, பம்பர் போச்சு, க்ளெய்ம் போடுறீங்க. அஞ்சு வருஷம் க்ளெய்மே இல்லாம 50 சதவீதம் வந்திருந்தா அது பூஜ்ஜியமாகி, அடுத்த வருஷங்களில் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-க்கு வரும். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் போனஸ் கழிக்கிறதுக்கு முன்னாடி வருஷம் 8,000 ரூபாய் என்று வச்சுக்குவோம். இழக்கிற தள்ளுபடி வரிசையாக 50, 30, 25, 15, 5 சதவீதம். கூட்டினா 125 சதவீதம், அதாவது 10,000 ரூபாய். வருஷா வருஷம் வண்டியோட மதிப்பு குறையுறதால நிஜத்தில் கொஞ்சம் கம்மியா வரும். 7,000, 8,000 ரூபாய் பம்பர் வேலைக்கு க்ளெய்ம் போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க. நோ க்ளெய்ம் போனஸ் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தா கணக்கு மாறும்.

இதெல்லாம் தாங்கிக்கலாம். தாங்க முடியாதது பைக்கில் போறவருக்கு நடக்கிறது.

ஒரு உதாரணம். வயசு 27, கைக்கு வர்ற சம்பளம் 38,000. ரூம் வாடகையில் பங்கு 7,000, பைக் இஎம்ஐ 4,200, வீட்டுக்கு 10,000, எஸ்ஐபி 4,000, மீதி சாப்பாடு, பெட்ரோல். காலில் எலும்பு முறிவு, மூணு மாசம் நடக்க முடியாது. ஆஸ்பத்திரி பில்லை கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் பெருமளவு பார்த்துக்கும் என்று வச்சுக்குவோம். மிச்சம் இருக்கிற லீவு ஒரு மாசத்துக்கு வரும். மீதி ரெண்டு மாசம் லாஸ் ஆஃப் பே. 76,000 ரூபாய் வராது. வாடகை, இஎம்ஐ, வீட்டுக்கு அனுப்புறது எதுவும் நிக்காது. பிசியோதெரபி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, கூட இருக்க ஊர்லேர்ந்து வர்ற அம்மாவோட செலவு, இதுக்கெல்லாம் பில்லே கிடையாது.

"பைக் இன்சூரன்ஸோட 15 லட்சம் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் இருக்கே" என்று நினைப்போம். இங்கதான் நிறைய பேருக்கு அதிர்ச்சி. வண்டி ஓனருக்குக் கட்டாயமான அந்த 15 லட்சம் கவர், மரணம், நிரந்தர முழு ஊனம், கை கால் கண் இழப்பு இதுக்குத்தான். மூணு மாசம் கட்டு போட்டுப் படுத்திருந்து எழுந்து வர்றதுக்கு அதில் ஒரு ரூபாய் வராது. தற்காலிகமா வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு வாராவாரம் பணம் தர்ற வசதி, தனியாக எடுக்கிற பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியில்தான் இருக்கும், அதுவும் எல்லாத்திலயும் இல்லை. பாலிசி பத்திரத்தில் "டெம்பரரி டோட்டல் டிஸேபிள்மென்ட்" என்ற வரி இருக்கான்னு பாருங்க. வாரத்துக்கு எவ்வளவு, எத்தனை வாரம் என்று அதிலேயே போட்டிருக்கும். ஈஎஸ்ஐ இருக்கிறவங்களுக்கு, அதாவது சம்பளம் மாதம் 21,000 வரைக்கும் இருக்கிறவங்களுக்கு, வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கும் அதில் பணப் பலன் வாங்க வழி இருக்கு. நம்மில் பலர் அந்த வரம்பைத் தாண்டினவங்க. ரெண்டு பக்கமும் இல்லாம நடுவில் மாட்டுறது நாமதான்.

இன்னும் ஒரு விஷயம், வீட்டில் அப்பா அம்மாவுக்கும் தெரியணும். விபத்தில் இறந்தவரின் குடும்பம் எதிர் வண்டியின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸிலிருந்து இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போவாங்க. அங்கே, தப்பில் உங்களுக்கும் பங்கு இருக்குன்னு நிரூபணமானா இழப்பீட்டை அந்த விகிதத்தில் குறைப்பாங்க. தப்பு முழுக்க உங்களோடதுன்னா, உங்க வண்டியோட தேர்ட் பார்ட்டி பாலிசியிலிருந்து உங்க குடும்பம் அந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது. நீங்க அங்கே தேர்ட் பார்ட்டி இல்லை. கிடைக்கிறது அந்த 15 லட்சம்தான், அதுவும் கவர் உயிரோட இருந்தா, லைசென்ஸ் செல்லுபடியா இருந்தா. டேர்ம் இன்சூரன்ஸ் எடுங்கன்னு தொண்டை கிழியக் கத்துறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்ல வந்தவர் இறந்துட்டா? பண இழப்பீட்டை உங்க தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். கிரிமினல் கேஸை எந்த இன்சூரன்ஸும் ஏத்துக்காது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில், அலட்சியத்தால் மரணம் விளைவிச்சா 5 வருஷம் வரை சிறை. பழைய சட்டத்தில் இது 2 வருஷம். பாஸ்போர்ட், ஆன்சைட், அடுத்த கம்பெனியின் பேக்ரவுண்ட் செக், எல்லாத்திலயும் அந்த கேஸ் பின்னாடியே வரும்.

ஒரு ரூபாய் செலவில்லாத செட்டிங்

இப்போ போனை எடுத்துக்கோங்க. வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதுதான், தெரியும்ல!

ஐபோன்ல செட்டிங்ஸ், ஃபோகஸ், டிரைவிங். 2017-ல் ஐஓஎஸ் 11-லிருந்தே இந்த வசதி இருக்கு, பேர் மட்டும் மாறியிருக்கு. இதை எப்போ ஆன் ஆகணும்னு தேர்ந்தெடுக்கிற இடத்தில் "ஆட்டோமேட்டிக்" வைங்க. போனே அசைவை வச்சு நீங்க வண்டியில் போறதைக் கண்டுபிடிச்சு நோட்டிஃபிகேஷனை அடக்கிடும். பஸ்ஸிலோ மெட்ரோவிலோ போகும்போதும் சில நேரம் ஆன் ஆகும், "நான் ஓட்டலை" என்று தட்டிட்டா போச்சு. அந்தச் சின்னத் தொல்லைக்காகவே பலர் இதை மேனுவலில் விடறாங்க. மேனுவல்னா அது இல்லாத மாதிரிதான், காலைல அவசரத்துல யாருக்கு ஞாபகம் வரும்? காரில் போறவங்க "கார் ப்ளூடூத் இணைஞ்சா" என்பதைத் தேர்ந்தெடுத்தா பஸ் பிரச்சனையே இல்லை.

அதே இடத்தில் ஆட்டோ ரிப்ளை இருக்கு. மெசேஜ் அனுப்பினவருக்கு "வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்று தானா பதில் போகும். நிஜமாவே அவசரம்னா அவர் அதில் சொல்லியிருக்கிற மாதிரி "அர்ஜென்ட்" என்று பதில் அனுப்பினா மெசேஜ் உள்ளே வரும். கவனிங்க, இது போனோட மெசேஜ் ஆப்புக்குத்தான். வாட்ஸ்அப்ல வந்ததுக்கு இந்தப் பதில் போகாது, நோட்டிஃபிகேஷன் மட்டும் அடங்கும்.

சாம்சங்ல "மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்" உள்ளே "டிரைவிங்". மத்த ஆண்ட்ராய்டு போன்களில் கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். செட்டிங்ஸ் மேலே இருக்கிற தேடல் பெட்டியில் "டிரைவிங்" அல்லது "டூ நாட் டிஸ்டர்ப்" என்று தேடுங்க. தானா கண்டுபிடிக்கிற வசதி இல்லாத போன்னா, ஆபீஸ் கிளம்புற நேரத்தையும் திரும்புற நேரத்தையும் ஷெட்யூலா போட்டுடலாம். காலை 8:30 முதல் 9:30, மாலை 6:30 முதல் 7:30. ரொம்ப சாதாரணமான வழி, ஆனா வேலை செய்யும். வீட்டு நம்பர்களை மட்டும் விதிவிலக்கில் சேருங்க. ஒரே ஆள் தொடர்ந்து ரெண்டு தடவை கூப்பிட்டா விடுற ஆப்ஷனும் பெரும்பாலும் இருக்கும், அதையும் ஆன் பண்ணுங்க. "அம்மாவுக்கு ஏதாவதுன்னா?" என்ற பயம் போனாத்தான் இந்த செட்டிங் உங்க போன்ல தங்கும்.

இந்த யோசனை நம்ம நாட்டுக்குப் புதுசு இல்லை. 2016-ல் சாம்சங் நம்ம மார்க்கெட்டுக்காகவே கேலக்ஸி ஜே3 போனில் "எஸ் பைக் மோட்" கொடுத்தாங்க. கூப்பிடறவருக்கு "வண்டி ஓட்டுறார், அவசரம்னா 1 அழுத்துங்க" என்று குரல் போகும். ஓசூர்ல தயாரிக்கிற டிவிஎஸ் 2018-ல் விட்ட என்டார்க் ஸ்கூட்டர், போனை ப்ளூடூத்தில் இணைச்சு யார் கூப்பிடறாங்கன்னு மீட்டர்லயே காட்டுது, ஆட்டோ ரிப்ளையும் அனுப்புது. எனக்கு இதில் ரெண்டாவது பாதிதான் பிடிச்சிருக்கு. யார் கூப்பிடறாங்கன்னு மீட்டர்ல காட்டுறது இன்னொரு கவனச்சிதறல், அதை வசதின்னு விக்கிறாங்க.

போன் ஹோல்டர் பத்தி ஒரு வார்த்தை. பவர் அதிகமான பைக்குகளின் என்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரிச்சிருக்கு. 300 ரூபாய் ஹோல்டரால 60,000 ரூபாய் போனோட கேமரா போகும். தினம் போற ஆபீஸ் ரூட்டுக்கு மேப் எதுக்குங்க? போன் பையில் இருக்கட்டும். புது இடம்னா ஹெட்செட்டின் ஒரு பக்கத்தில் குரல் மட்டும் கேட்டா போதும், ஹாரன் சத்தமும் காதில் விழணும்.

கொஞ்சம் காசு வச்சா பழக்கம் மாறுமா?

இது நம்ம ஏரியா, அதனால கொஞ்சம் விரிவா. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியோட சேர்ந்து, போன் வழியா டிரைவிங்கைக் கண்காணிக்கிற பாலிசி எடுத்தவங்ககிட்ட ஒரு சோதனை நடத்தினாங்க. ரெண்டாயிரம் பேர் கிட்ட. சில குழுக்களுக்கு "உங்களை மாதிரி டிரைவர்களோட ஒப்பிட்டா நீங்க இவ்வளவு போன் எடுக்கிறீங்க" என்ற தகவல் மட்டும். சில குழுக்களுக்குத் தகவலோட சின்னத் தொகையும், அதிகபட்சம் 50 டாலர். வெறும் தகவல் பெரிசா எதையும் மாத்தல. தகவலும் காசும் சேர்ந்தப்போ போனைக் கையில் எடுக்கிற நேரம் குறைஞ்சது. அதிலும் ஒரு குழுவுக்கு காசு முதல்லயே உங்களுது, போன் எடுத்தா குறையும் என்ற மாதிரி வாராவாரம் வச்சாங்க. வர்ற லாபத்தைவிடக் கையில் இருக்கிறது போறது மனுஷனுக்கு அதிகமா வலிக்கும். எஸ்ஐபி நடுவில் மார்க்கெட் இறங்கினப்போ நீங்களே அனுபவிச்சிருப்பீங்க.

இதை வீட்டிலேயே செய்யலாம். மாசம் முதல் தேதி ரூம்மேட்கிட்டயோ வீட்டுக்காரர், வீட்டுக்காரம்மாகிட்டயோ 500 ரூபாய் ஜிபே பண்ணிடுங்க. வண்டி ஓட்டுற நேரத்தில் உங்ககிட்டேர்ந்து ஒரு ரிப்ளை யாருக்காவது போயிருந்தா, வாட்ஸ்அப் நேரமே சாட்சி, 50 ரூபாய் அவங்களுக்கு. மீதி மாசக் கடைசியில் திரும்ப வரும். சின்னப்பிள்ளைத்தனமா தெரியும், ஆனா 50 ரூபாய்க்காக மனுஷன் எவ்வளவு கணக்குப் பார்ப்பான்னு உங்களுக்கே தெரியும்.

இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இதே வழியில் வர்றாங்க. 2022 ஜூலையில் ஐஆர்டிஏஐ, எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க, எப்படி ஓட்டுறீங்க என்பதை வச்சு ஓன் டேமேஜ் பிரீமியத்தை மாத்துற ஆட்-ஆன்களை அனுமதிச்சது. "எப்படி ஓட்டுறீங்க" வகையில் ஆப் உங்க வேகம், திடீர் பிரேக், ஓடும்போது போன் கையாளுறது எல்லாத்தையும் சென்சார்ல பார்த்து மார்க் போடும். தள்ளுபடி ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான். தேர்ட் பார்ட்டி பிரீமியம் அரசு நிர்ணயிச்சது, 1000 சிசிக்கு மேல் 1500 வரைக்கும் உள்ள காருக்கு 3,416 ரூபாய், 75 சிசிக்கு மேல் 150 வரை பைக்குக்கு 714, இது நீங்க எவ்வளவு நல்லா ஓட்டினாலும் குறையாது. அதனால தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருக்கிற பழைய பைக்குக்கு இந்த ஆப்பால் பைசா லாபம் இல்லை. காருக்கு எடுக்கிறதா இருந்தா, உங்க லொக்கேஷன் டேட்டாவை எவ்வளவு நாள் வச்சிருப்பாங்க, மார்க் குறைஞ்சா பிரீமியம் ஏறுமா இல்லை தள்ளுபடி மட்டும் போகுமா, இந்த ரெண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்க.

சரி, அந்த ஒன்றரை லட்சம்?

இலவச செட்டிங் போட்டாச்சு, இன்சூரன்ஸ் ஓட்டை அடைச்சாச்சு, புதுக் கார் வாங்குற பிளான்ல இருக்கீங்க. ஏடிஏஎஸ் உள்ள வேரியன்ட்டுக்கு 1,50,000 கூடுதல் என்று வச்சுக்கிட்டு, அதையும் 9 சதவீத வட்டியில் 5 வருஷக் கடனில் போட்டா மாசம் 3,114 ரூபாய். மொத்தம் 1,86,800-க்கு மேல் கட்டுவீங்க. வட்டி மட்டுமே 36,800. போதாததுக்கு, விண்ட்ஷீல்டில் கேமராவும் பம்பர்ல ரேடாரும் இருக்கிற வண்டியில் அது உடைஞ்சு மாத்தினா திரும்ப காலிப்ரேஷன் பண்ணணும், ரிப்பேர் பில் கூடும். அதனால அந்த வேரியன்ட் எடுத்தா ஜீரோ டிப்ரிசியேஷன் கவரும் சேர்த்தே பட்ஜெட் போடுங்க.

எதுக்குக் காசு கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம். ஐஐஹெச்எஸ் ஆய்வுப்படி, முன்னாடி மோதப்போகுதுன்னு எச்சரிக்கை மட்டும் தர்ற கார்களில் முன்வண்டியின் பின்னால் மோதுற விபத்து 27 சதவீதம் குறைஞ்சிருக்கு. எச்சரிக்கையோட தானா பிரேக்கும் போடுற கார்களில் 50 சதவீதம். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நீங்க அசந்த அந்த மூன்றரை செகண்டில் யாராவது பிரேக் போடணும், அதைச் செய்யுற கருவிக்குக் காசு கொடுக்கலாம். சத்தம் மட்டும் போடுறதுக்கு ஒன்றரை லட்சம் நான் கொடுக்க மாட்டேன். கடன் வாங்கித்தான் கொடுக்கணும்னா கண்டிப்பா மாட்டேன்.

பஸ், லாரி, கேப் மாதிரி நாள் முழுக்க ஓடுற வண்டிகளுக்குக் கணக்கு வேற. நாக்பூரில் 2021-ல் தொடங்கின ஐராஸ்டே திட்டத்தில் நகரப் பேருந்துகளில் மோதல் எச்சரிக்கைக் கருவி பொருத்தினாங்க. அங்கே "பீப்" டிரைவருக்கு மட்டும் இல்லை. எந்த இடத்தில் அடிக்கடி எச்சரிக்கை வருதுன்னு சேர்த்து வச்சு, ரோட்டில் எங்கே ஆபத்துன்னு கண்டுபிடிக்கவும் பயன்படுது. சொந்தக் காரில் உங்க "பீப்" உங்களோடயே போயிடும்.

டெஸ்ட் டிரைவ் போகும்போது சேல்ஸ் ஆள்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. தானா பிரேக் போடுறது எந்த வேரியன்ட்லேர்ந்து வருது, பைக்கையும் நடந்து போறவங்களையும் அது கண்டுபிடிக்குமா? "டிரைவர் அலர்ட்" என்று போட்டிருக்கிறது முகத்தைப் பார்க்கிற கேமராவா, இல்லை ஸ்டியரிங் அசைவை வச்சு ஊகிக்கிறதா? ரெண்டாவது வகைக்கு நீங்க மடியில் போன் பார்க்கிறது தெரியாது, தூக்கக் கலக்கத்தைத்தான் அது ஊகிக்கும். அப்புறம், எச்சரிக்கையை ஆஃப் பண்ணி வச்சா அடுத்த தடவை ஸ்டார்ட் பண்ணும்போது தானா ஆன் ஆகுமா? பதிலை வாயால வாங்காம ஓனர்ஸ் மேனுவல்ல பக்கத்தைக் காட்டச் சொல்லுங்க. புக்கிங் அட்வான்ஸ் அதுக்கப்புறம்.